கண்மாய் வற்றினால் நாரை எங்கே போகும்?

தென்கிழக்கே நகரத்தின் கழிவுநீர் வந்து சேரும் ஒரு கண்மாய், வடகிழக்கே ஏழு பாறைக் குன்றுகள், தென்மேற்கே கரிசல் தரிசு. மதுரையைச் சுற்றிப் பறவைகள் பிழைத்துக் கிடக்கும் மூன்று இடங்களின் கதை.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது. ஏன் என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் ஒரு நாரையின் கதையைச் சொல்வார்கள். தென்பாண்டி நாட்டில் ஒரு குளத்தில் மீன் தின்று வாழ்ந்த நாரை அது. மழை பொய்த்தது, குளம் வற்றியது, மீன்கள் மாண்டன. நாரை பறந்து போய், காட்டுக்குள் முனிவர்கள் நீராடும் ஒரு தடாகத்தை அடைந்தது. அங்கே மீன் துள்ளியது. ஆனாலும் தவசிகளின் மேனியில் உரசிய மீனைத் தின்ன அதற்கு மனம் வரவில்லை. அவர்கள் பேச்சில் மதுரையின் பெருமையைக் கேட்டு, பொற்றாமரைக் கரைக்கு வந்து பசியோடு தவம் கிடந்தது. இறைவன் தோன்றியபோது முத்தியோடு இன்னொரு வரமும் கேட்டது: இந்தக் குளத்தில் இனி மீனே இருக்கக் கூடாது, என் இனத்தார் வந்து பாவம் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 48-ஆவது படலம். அதற்கு முந்தைய படலத்திலும் பறவைதான் நாயகன். காக்கைகளிடம் கொத்துப்பட்டுத் தலையில் ரத்தம் வடிய அலைந்த கரிக்குருவி, மதுரைக்கு வந்து மந்திர உபதேசம் பெற்று ‘வலியான்’ ஆனது. இன்றைக்கும் வயலோரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், தன்னைவிடப் பல மடங்கு பெரிய காக்கையையும் பருந்தையும் விரட்டி விரட்டிக் கொத்துவதைப் பார்க்கலாம். கதை கட்டியவர் பறவையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்.

பக்தர்களுக்கு நாரையின் கதை முத்தியில் முடிகிறது. பைனாகுலரோடு கண்மாய்க் கரையில் நிற்பவர்களுக்கு அதன் முதல் பாதியே போதும். ஒரு நீர்நிலை வற்றியதும் பறவை அடுத்ததைத் தேடிப் போகிறது, அடுத்தது ஒத்துவராவிட்டால் அதற்கடுத்ததை. மதுரைச் சமவெளியின் நீர்ப்பறவைகள் வருடா வருடம் செய்வது இதைத்தான். எத்தனை குளம் இருக்கிறது என்பதைப் போலவே, ஒன்று வற்றும்போது இன்னொன்றில் தண்ணீர் கிடக்கிறதா என்பதும் அவற்றுக்கு உயிர்ப் பிரச்சினை.

கரையும் உள்வாயும்

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஏரியைக் கண்மாய் என்பார்கள். அதன் அமைப்பு எளிது. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கம் பிறை வடிவில் மண்கரை. கரையில் மடைகள். மிஞ்சிய தண்ணீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகக் கலுங்கு. எதிர்ப்பக்கம் கரை கிடையாது. உள்வாய் மெல்ல மெல்ல மேடேறி, தண்ணீர் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி விரிந்து கிடக்கும்.

பறவைகளுக்கு வேண்டியது அந்தச் சரிவுதான். கரையோரத்து ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் நாமக்கோழியும். கொஞ்சம் தள்ளி, பாய்விரித்த தாமரை இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி. சம்பங்கோரைக்குள் நீலத் தாழைக்கோழி. முழங்கால் ஆழத்தில் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும். கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான். சேற்றில் வெள்ளை அரிவாள்மூக்கன். காய்ந்த மேட்டில் ஆள்காட்டிக் குருவி. ஒரே கண்மாயில் அலகின் நீளத்துக்கும் காலின் உயரத்துக்கும் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் தனி இடம். தண்ணீர் இறங்க இறங்க இந்த வரிசை மொத்தமும் உள்வாயிலிருந்து கரையை நோக்கி நகர்ந்து வரும்.

இந்தத் தண்ணீரைத் திறந்து மூடும் கணக்கு மனிதர்களுடையது. 1895-இல் பெரியாறு அணை வந்த பிறகு, மேற்கே பாய்ந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி வைகையில் சேர்ந்தது. 1959-இல் வைகை அணை வந்தது. மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பாசனப் பகுதி மட்டும் 1,05,002 ஏக்கர். அதற்குக் கால்வாயில் தண்ணீர் திறப்பது ஆவணி, புரட்டாசியை ஒட்டி. பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. கண்மாய்கள் நிறையும் அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் வடக்கே குளிருக்குத் தப்பி ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் வந்து இறங்குகின்றன. நெல் நடவுக்காகப் போட்ட அட்டவணையும் மத்திய ஆசியாவிலிருந்து வரும் வாத்தின் அட்டவணையும் மதுரையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மடை திறப்பது ஒரு மாதம் தள்ளிப்போனால் விவசாயி நீர்வளத் துறை அலுவலகத்துக்கு மனு கொண்டுபோவார். வாத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

சாமநத்தத்தில் ஒரு காலை

அவனியாபுரத்தைத் தாண்டி, மதுரையின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிறது சாமநத்தம். சமணரைக் கழுவேற்றியதால் வந்த பெயர் என்று ஒரு வாய்வழிக் கதை உண்டு. பறவை பார்ப்பவர்களுக்கு ஊரின் பெருமை அதன் கண்மாய். நகரத்தின் குப்பைக் கிடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இதே திசையில்தான். மானாவாரிக் கண்மாய்கள் மாசியில் வெடித்துக் கிடக்கும்போது, நகரம் கழித்துவிட்ட நீர் வந்து சேரும் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நிற்பதால் பறவை நிற்கிறது.

விடிந்து அரைமணி நேரம். கரையிலிருந்து நூறடி தள்ளி ஒரு சங்குவளை நாரை. அதன் வேலையை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். நீண்ட மஞ்சள் அலகை லேசாகத் திறந்து, பாதி தண்ணீருக்குள் அமிழ்த்தி, வலமும் இடமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கிறது. கண்ணால் மீனைத் தேடுவது போலத் தெரியவில்லை. ஒரு கால் மட்டும் சேற்றைக் கிளறுகிறது. ஒளிந்திருந்த கெண்டை பதறி ஓடி அலகுக்குள் உரசிய அந்த நொடியில் அலகு மூடிக்கொள்கிறது. கலங்கிய நீரிலும், நுரை மிதக்கும் நீரிலும் அது பட்டினி கிடக்காமல் இருப்பது இந்தத் தொடுவித்தையால்தான். பார்த்துக் குறிவைக்கும் மீன்கொத்திக்கு அந்த வசதி இல்லை.

பக்கத்திலேயே நத்தைக்குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். பார்த்தால் ஊனம் போல இருக்கும், ஆனால் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவும் தொழிலுக்கு ஏற்ற அலகு அது. கொஞ்ச தூரத்தில் கூழைக்கடாக்கள் ஐந்தாறு, வலை இழுக்கிறவர்கள் போல வரிசை கட்டி மீனை ஓரத்துக்கு ஒதுக்குகின்றன. உலக அளவில் அழிவை நெருங்கும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட பறவை கூழைக்கடா. நகரப் பேருந்து எட்டும் தூரத்தில் அது மீன் பிடிப்பதைப் பார்க்க முடிவது மதுரைக்காரர்களின் அதிர்ஷ்டம்.

சாமநத்தம் கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்று மதுரைப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். சிக்கல் இல்லாத கோரிக்கை என்று இதைச் சொல்லிவிட முடியாது. கண்மாய் என்றால் ஆயக்கட்டு உண்டு, மீன் குத்தகை உண்டு, மண் எடுக்க வரும் விவசாயி உண்டு. சரணாலயம் என்று அறிவித்தால் தண்ணீர் யாருக்கு என்ற கேள்வி முதல் நாளே எழும். வரும் கழிவுநீரை நிறுத்தினால் கோடையில் கண்மாய் காய்ந்துவிடும். நிறுத்தாமல் விட்டால் மீனோடு நஞ்சும் நாரையின் வயிற்றுக்குள் போகும். முறையாகச் சுத்திகரித்த நீரைத் தொடர்ந்து விடுவதுதான் வழி என்பது எல்லோருக்கும் தெரியும். அது வனத்துறையால் மட்டும் முடிகிற காரியமில்லை. மாநகராட்சியின் குழாயில் தொடங்குகிற வேலை அது.

பெயரில் மட்டும் மிஞ்சிய குளங்கள்

மதுரையில் ஆட்டோக்காரரிடம் தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார். மூன்று பெயரிலும் குளம் இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் கட்டடங்கள் இருக்கும். மாநகராட்சியின் அண்ணா மாளிகை நிற்பது தல்லாகுளத்தின் மடியில். 2004 ஜூலையில் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எழுந்தது உலகநேரிக் கண்மாய் நிலத்தில். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி எத்தனையோ உத்தரவுகள் அந்த வளாகத்திலிருந்தே வந்திருக்கின்றன.

குளம் போனால் பறவை போகும் என்பதோடு கதை முடியவில்லை. 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர், நரிமேடு பக்கத்துத் தெருக்கள் மிதந்தன. செல்லூர் கண்மாய் நிறைந்து, போக வழியில்லாமல் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு கண்மாயின் கலுங்கு அடுத்த கண்மாய்க்கு வழி காட்டிய சங்கிலி இடையிடையே அறுந்து கிடக்கிறது. நாரைக்கு அறுந்த அதே சங்கிலிதான் செல்லூர்க்காரருக்கும் அறுந்தது.

எஞ்சியிருக்கும் பெரிய கண்மாய்களுக்கு வேறு வகை ஆபத்து, நல்ல எண்ணத்தில் வருவது. அழகுபடுத்தும் திட்டம் என்றால் சுற்றிலும் கல் பதித்த சரிவு, நடைபாதை, விளக்குக் கம்பம், படகுத்துறை. தூர்வாருவது என்றால் பொக்லைனை இறக்கி எல்லாப் பக்கமும் ஒரே ஆழமாகத் தோண்டுவது. தண்ணீர் கூடுதலாக நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்த முழங்கால் ஆழமும் கணுக்கால் ஆழமும் சேற்று விளிம்பும் காணாமல் போகும். நீந்தத் தெரிந்த நீர்க்காகத்துக்கு அந்தக் கண்மாய் போதும். நடந்து பிழைக்கும் நாரைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. மாடக்குளம், வண்டியூர், திருப்பரங்குன்றத்துத் தென்கால் என எந்தக் கண்மாயில் வேலை நடந்தாலும், உள்வாய்ப் பக்கத்துச் சரிவை அப்படியே விட்டுவிடுங்கள் என்பதுதான் பறவை அறிந்தவர்கள் வைக்கும் முதல் வேண்டுகோள். திட்ட மதிப்பீட்டில் அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

ஏழு குன்றும் மூன்று வேட்டைப் பறவைகளும்

தண்ணீரை விட்டுப் பாறைக்கு வருவோம். மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில், யானைமலையைத் தாண்டி வடக்கே திரும்பினால் அரிட்டாபட்டி. சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டுகள், குடைவரைச் சிவன் கோயில் என்று தொல்லியல் மாணவர்களுக்குப் பழகிய ஊர். 2022 நவம்பரில் அது வேறொரு காரணத்துக்காகச் செய்தியானது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை நீர்ச்சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அறிவிப்பு அடுக்கியது. பறவைகள் சுமார் 250 வகை.

அதில் மூன்று பெயர்களைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்: லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு. மூன்றும் உயரத்திலிருந்து இரை தேடுபவை, மூன்றுக்கும் செங்குத்துப் பாறை உதவும். ஷாஹீன், உலகிலேயே வேகமான பறவை எனப்படும் பொரி வல்லூறின் நம் நாட்டுக் கிளையினம். இரையை நோக்கிச் சிறகை ஒடுக்கிப் பாயும்போது அந்தக் குடும்பத்தின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். லகர் வல்லூறு அதைவிட அபூர்வம். உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் பறவை, தென்னிந்தியாவில் காணக் கிடைப்பதே அரிது. கண்ணுக்குக் கீழே மீசை வரைந்தது போல ஒரு மெல்லிய கோடு. ஜோடியாக வேட்டையாடும். ஒன்று இரையைக் கிளப்பிவிட, மற்றது மேலிருந்து அடிக்கும்.

வல்லூறுகள் கூடு கட்டுவதில்லை. காக்கையோ பருந்தோ விட்டுப்போன கூட்டில் குடியேறும். இல்லாவிட்டால் மழையும் வெயிலும் நேராகப் படாத பாறைத் திட்டு ஒன்றில், மண்ணை மார்பால் லேசாகக் குழித்து முட்டையிடும். அந்தத் திட்டுக்குக் கீழே பாறையில் சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடுகள் தெரியும். ஆண்டுக்கணக்காக விழுந்த எச்சம். அடியில் கிடக்கும் புறா இறகும் எலும்பும் வீட்டு முகவரி. அப்படி ஒரு திட்டு உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் வேலை செய்திருக்க வேண்டும். வெடி வைத்தால் ஒரு மதியத்தில் போய்விடும்.

மேலூர் வட்டாரத்துக்கு அந்த வெடிச்சத்தம் தெரியும். கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அன்றைய மாவட்ட ஆட்சியர் உ.சகாயம் 2012-இல் அறிக்கை கொடுத்தது நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. இழந்த குன்றுகளோடு எத்தனை பாறைத் திட்டுகள் போயின என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை. அரிட்டாபட்டியின் குன்றுகளுக்கும் குவாரிக்காரர்கள் வந்தார்கள். ஊர்மக்கள் கூடி எதிர்த்து நின்றார்கள். கழிஞ்சமலை மிஞ்சியது.

பிறகு டங்ஸ்டன். 2024 நவம்பர் 7-ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரத்துக்கான ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலம் அதற்குள் கிடந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மாதக் கடைசியில், பாரம்பரியத் தலத்தை மட்டும் தவிர்த்துவிட்டு எல்லையை மறுவரையறை செய்யும் யோசனையை மத்திய அரசு முன்வைத்தது.

இந்த யோசனையின் ஓட்டை தெரிய வேண்டுமானால் வல்லூறின் ஒரு நாளைப் பார்த்தால் போதும். காலையில் பாறைத் திட்டிலிருந்து கிளம்புகிறது. குன்றுக்கு வெளியே, வயலுக்கும் கண்மாய்க்கும் மேலே சுற்றுகிறது. புறா, மைனா, ஓணான் என எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. 193 ஹெக்டேரில் இருப்பது படுக்கையறை. அடுப்படி மீதி 1,800 ஹெக்டேரில் பரவிக் கிடக்கிறது. கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு, அ.வல்லாளப்பட்டி விவசாயிகளுக்கும் கணக்கு அதேதான். கோயில் தப்பி, வயல் போனால் என்ன பயன்?

2025 ஜனவரி 7 அன்று மேலூர் பகுதி மக்கள் மதுரை தல்லாகுளத்தை நோக்கி நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்றைய முழக்கங்களில் தண்ணீர் இருந்தது, பெரியாறு பாசனம் இருந்தது, குலசாமி கோயில் இருந்தது. வல்லூறு எங்கோ ஓரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர்வலத்தால் அதற்கும் வீடு மிஞ்சியது. அதே ஆண்டில், அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் வீரகோயில் காடு மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்ட காடு அது.

தரிசு என்று எழுதப்பட்ட வீடு

கண்மாய்க்குப் பேச ஆயக்கட்டுக்காரர் இருக்கிறார். மலைக்குப் பேச ஊர் இருக்கிறது. தரிசுக்கு யாரும் இல்லை. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில், பருத்திக்கும் சோளத்துக்கும் இடையே கிடக்கும் புல்தரை வருவாய்க் கணக்கில் தரிசு. கவுதாரிக்கும் காடைக்கும் அதுதான் குடும்பம் நடத்தும் இடம். மஞ்சள்மூக்கு ஆள்காட்டி வெட்டவெளியில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டை வைக்கும். குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை, இரவில் புல்லுக்குள் தரையிலேயே படுக்கும். அந்த நிலத்தில் கல் நட்டு மனை போடுகிறவரும், சூரிய மின்தகடு பதிக்கிறவரும், ‘சும்மா கிடந்த இடம்’ என்றே சொல்வார்கள்.

கரிசலுக்கு வரும் விருந்தாளிகளில் கூட்டம் பெரியது சோளப்பட்சி. ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையுமாக, மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே மழை முடியும் முன்னரே வந்துவிடும். சோளக் கதிரில் இறங்கினால் திட்டு வாங்கும். அதே கூட்டம் பயிரின் புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்குவதைக் கணக்கில் எடுப்பவர் குறைவு. மாலையில் ஆயிரக்கணக்கில் கூடி, புகை சுழல்வது போல வானத்தில் வளைந்து நெளிந்து அடையும் காட்சிக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

பறவைக்கும் விவசாயிக்கும் உள்ள உரசலின் உச்சம் மயில். 1963 முதல் தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வெளிவந்த அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 204 வகை குறைந்துவிட்டதாகச் சொன்னது. கூடியவை வெறும் 36. அந்த 36-இல் மயிலும் உண்டு. நிலக்கடலையும் நெல்லும் தக்காளியும் போட்டவர்களுக்கு இதை அறிக்கை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் மதுரை அருகே மருதங்குளத்தில் 40-க்கும் மேற்பட்ட மயில்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. விஷம் கலந்த நெல்லைத் தின்று இறந்தவை. நஞ்சு ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. மயிலுக்கு வைத்தது கவுதாரிக்கும் புறாவுக்கும் போகும், செத்த புறாவை எடுக்கும் வல்லூறுக்கும் போகும். மயில் சேதத்துக்கு விவசாயிக்கு உரிய நேரத்தில் இழப்பீடு கிடைக்காத வரை, வரப்பில் வைத்த விஷத்தைச் சட்டம் மட்டும் காட்டி எடுக்க முடியாது.

சீமைக் கருவேலத்திலும் இதுபோன்ற ஒரு முடிச்சு உண்டு. நிலத்தடி நீரை உறிஞ்சும், உள்வாயை அடைக்கும் என்பது அதன் மேல் உள்ள புகார். 2017-ஐ ஒட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென்மாவட்டங்களில் அதை வேரோடு பிடுங்கும் வேலை மும்முரமாக நடந்தது. வெட்ட வேண்டிய மரம்தான். ஆனால் நாட்டுக் கருவேலம் இல்லாத கண்மாயில் கொக்கும் மடையானும் கூடு வைத்திருப்பது இந்தச் சீமைக் கருவேலத்தின் கிளையில். குஞ்சு இருக்கும் மாதத்தில், மாற்று மரம் வளராத இடத்தில் பொக்லைன் இறங்கினால் ஒரு தலைமுறை தரையில் விழும். முதலில் நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் நட்டு, அவை தலைதூக்கிய பிறகு, கூடு இல்லாத காலமாகப் பார்த்து வெட்டினால் இரண்டும் நடக்கும்.

வெடி போடாத ஊர்

மதுரைக்காரர்கள் வண்டி எடுத்துப் போய்ப் பார்க்கும் சரணாலயம் இருப்பது பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில். மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்த 38.4 ஹெக்டேர், 1977-இல் சரணாலயமானது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வக்காவும் கூடு வைக்கும். குஞ்சு வளரும் காலத்தில்தான் தீபாவளி வரும். கொள்ளுகுடிப்பட்டியில் அன்று வெடி கிடையாது. சத்தத்தில் தாய்ப்பறவை மிரண்டு எழுந்தால் முட்டை உருளும், குஞ்சு கீழே விழும் என்று தலைமுறைகளாக விட்டுவிட்டார்கள். பறவை எச்சம் கரைந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அன்பும் கணக்கும் கலந்த ஏற்பாடு. நீடித்து நிற்பதற்கு அந்தக் கலப்புதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதே மாவட்டத்தில் பொத்தகுடி. 2020-இல் அங்கே தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டால் கூடு கலையும். ஊர் கூடிப் பேசியது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஏறத்தாழ 40 நாள், தெருவிளக்கு இல்லாமல் இருந்தார்கள். ராத்திரி வெளியே போகிறவர்கள் கையில் டார்ச்சோ கைப்பேசி வெளிச்சமோ எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணிப் பார்ப்பவர்கள்

மதுரையில் பறவை பார்ப்பது இன்றைக்கு ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்காக மட்டும் இல்லை. இறகுகள் அம்ரிதா இயற்கை அறக்கட்டளை, மதுரை இயற்கை பண்பாட்டு அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க்கும் குன்றுக்கும் ஆட்களைத் திரட்டிப் போகின்றன. 2015-இல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, ஜனவரியில் பண்டிகை விடுமுறையின் நான்கு நாளும் நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும். மொட்டை மாடியில் நின்று காக்கையும் மைனாவும் எண்ணினாலும் கணக்கில் சேரும்.

அரிட்டாபட்டியைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது 250 என்ற எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. வெயிலில் நின்று குறிப்பேட்டில் எழுதியவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அது. ஒரு நிலம் ‘சும்மா கிடக்கிறது’ என்று யாராவது சொல்லும்போது எடுத்துப் போட ஒரு பட்டியல் வேண்டும். சாமநத்தத்துக்கு அப்படிப் பட்டியல் சேர்ந்துகொண்டிருக்கிறது. திருமங்கலத்துக் கரிசலுக்கு இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டியிருக்கிறது.

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது மேலூர், நத்தம் பக்கம் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். அப்போது மீன்பிடித் திருவிழா. விடியுமுன்பே சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆட்கள் கரையில் குவிவார்கள். ஊர்ப் பெரியவர் கரைமேல் ஏறிச் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீரில் இறங்குவார்கள். இரண்டு மணி நேரத்தில் கண்மாய் முழுக்கச் சேறு. விராலும் கெளுத்தியும் கட்லாவும் சாக்குப் பைகளில் வீட்டுக்குப் போகும். விற்க மாட்டார்கள், குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள்.

அத்தனை நேரமும் எதிர்க்கரைப் பனைகளிலும் கருவேலத்திலும் வெள்ளை வெள்ளையாக ஒரு கூட்டம் காத்திருக்கும். கடைசிச் சிறுவன் சேற்றுக் காலோடு கரை ஏறிய சிறிது நேரத்தில் முதலில் ஒரு மடையான் இறங்கும், பிறகு கொக்குகள், பிறகு நாரைகள். ஊத்தாவுக்குத் தப்பிய பொடிமீன் அந்தச் சேற்றில் நெளிந்துகொண்டிருக்கும்.